ஷில்லாங்: இரவல் பாட்டும் சொந்தப் பாட்டும்

ராக் இசையின் தலைநகரம் என்று பெயர் வாங்கிய மலை ஊர் அடுத்தவர் பாட்டைப் பாடி அரை நூற்றாண்டு கழித்துவிட்டது. இப்போது தன் மொழியில் பாட்டு வெளியிடுகிறது. கேட்க ஆள் இருக்கிறது. காசு எங்கிருந்து வரும்?

குவஹாத்தியில் ரயிலை விட்டு இறங்கினால் ஷில்லாங்குக்குச் சாலைதான் வழி. மேகாலயாவின் தலைநகருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. ஷேர் டாக்சியாக ஓடும் சுமோவில் இடம் பிடித்து உட்கார்ந்தால், 100 கிலோமீட்டர் தூரத்தையும் 5,000 அடி உயரத்தையும் மூன்று மணி நேரத்தில் கடந்துவிடலாம். வழியெல்லாம் அன்னாசிப் பழம் குவித்து வைத்த பெட்டிக் கடைகள். பிறகு பைன் மரங்களுக்கு நடுவே உமியம் ஏரி. டிரைவர் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி மறு கையால் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுகிறார். இங்கே பாக்குக்கு 'க்வாய்' என்று பெயர். வீட்டுக்கு வந்தவருக்கு முதலில் நீட்டுவது அதைத்தான். அந்தக் காலத்தில் ஒரு ஊருக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், போய்ச் சேருவதற்குள் எத்தனை பாக்கு மெல்லலாம் என்று கணக்குச் சொல்வார்களாம்.

இன்றைய தூரத்தைப் பாட்டுக் கணக்கில் சொல்லலாம். நோங்போவில் பழைய அமெரிக்க ராக். உமியத்தில் ஒரு கிறிஸ்தவப் பாடல். ஊருக்குள் நுழைந்து மாவ்லாய் நெரிசலில் வண்டி நிற்கும்போது, இளைஞன் ஒருவன் மூச்சு விடாமல் ஏதோ பேசிக்கொண்டே போகிறான். ராப். மொழி ஆங்கிலம் அல்ல, இந்தியும் அல்ல. காஸி. கங்கைக் கரைக் காசியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்போடியாவின் கெமர் மொழிக்கும் வியட்நாமிய மொழிக்கும் தூரத்து உறவான காஸி, வடகிழக்கின் இந்த மலைகளில் வாழும் மக்களின் பெயர், மொழியின் பெயரும் அதுவே.

சினிமாவை நம்பாமல், பெரிய கம்பெனிகளை நம்பாமல், தானே பாட்டு எழுதித் தானே பதிவு செய்து தானே வெளியிடும் இளைஞர்கள் இன்று எல்லா நகரங்களிலும் இருக்கிறார்கள். சுயேச்சை இசை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெங்களூரிலும் மும்பையிலும் அது ஒரு ரசனை வட்டத்தின் சமாசாரம். சுற்றுப்புறத்தையும் சேர்த்து சுமார் 3.5 லட்சம் பேர் (2011 கணக்கு) வாழும் ஷில்லாங்கில் அது தெருவின் சமாசாரம். அதனால்தான் இங்கே வெளியாகும் ஒரு சின்னப் பாட்டுக்குக்கூட, ஊரின் வரலாறு முழுவதும் பின்னணி வாசிக்கிறது.

அந்த வரலாறு ராக் இசையில் ஆரம்பிக்கவில்லை. 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். காஸி மக்கள் சோஹ்ரா என்று அழைக்கும் ஊர் அது. எழுத்து வழக்கில் வேரூன்றாதிருந்த மொழிக்கு அவர் ரோமன் எழுத்துக்களைப் பொருத்தினார். வேல்ஸ்காரர்கள் பாட்டுப் பைத்தியங்கள். தேவாலயத்தில் கூடினால் நாலு குரல்களாகப் பிரிந்து பாடுவது அவர்கள் வழக்கம். அந்தப் பழக்கம் பாதிரியார்களோடு மலை ஏறியது. கூடவே 'டானிக் சோல்ஃபா' என்ற குறியீட்டு முறையும் வந்தது. நம் ச, ரி, க, ம மாதிரி டோ, ரே, மி என்பதைச் சாதாரண எழுத்துக்களாலேயே எழுதும் முறை. ஐந்து கோடு போட்டுப் புள்ளி வைக்கும் மேற்கத்திய முறைக்குத் தனி அச்சுக்கோப்பு வேண்டும். இதற்கு எந்தச் சாதாரண அச்சகமும் போதும். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குப் பாடவும் தெரிந்துவிடும். இன்று மாநிலத்தில் நான்கு பேரில் மூன்று பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் லைத்தும்க்ராவில் நடந்தால் கடைகள் மூடிக் கிடக்க, தேவாலயத்துக்குத் தேவாலயம் நாலு குரல் பாட்டு கேட்கிறது. ஊரின் கிதார்க்காரர்கள் பலருக்கு முதல் மேடை அதுதான்.

1874இல் ஆங்கிலேயர்கள் ஷில்லாங்கை அசாமின் தலைநகராக்கினார்கள். அதிகாரிகளும் பட்டாளமும் கான்வென்ட் பள்ளிகளும் வந்தன. பியானோவும் பேண்டு வாத்தியமும் கிராமபோனும் வந்தன. 1948இல் வானொலி வந்தது. ஆங்கிலப் பாட்டு இங்கே அந்நியச் சரக்காக இல்லாமல் போனதற்கு இவ்வளவு காரணங்கள் உண்டு.

இந்தக் கதையில் ஒரு நஷ்டக் கணக்கும் இருக்கிறது. பாதிரியார்கள் வருவதற்கு முன்பே காஸி மலைகளில் இசை இருந்தது. பட்டு நூலில் முறுக்கிய நாலு நரம்பு கொண்ட துய்தாரா, நாகஸ்வரத்தின் தம்பி போல ஊதப்படும் தங்முரி, க்ஸிங் என்ற மத்தளம், பெஸ்லி என்ற புல்லாங்குழல். விதைப்புக்கும் அறுவடைக்கும் சாவுக்கும் இவை ஒலித்தன. பழைய சடங்குகளோடு ஒட்டிப் பிறந்த வாத்தியங்கள் என்பதால் புதிய மதம் இவற்றைத் தள்ளியே வைத்தது. தள்ளி வைப்பதை எதிர்த்து 1899இல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து 'செங் காஸி' அமைப்பைத் தொடங்கினார்கள். இன்றும் ஏப்ரல் மாதம் வெய்க்கிங் மைதானத்தில் அந்த அமைப்பு நடத்தும் 'ஷாத் சுக் மின்சியெம்' நடனத்தில், வெள்ளிக் கிரீடம் வைத்த பெண்கள் பாதம் தரையை விட்டு எழாமல் அங்குலம் அங்குலமாக நகர, சுற்றிலும் ஆண்கள் வாள் சுழற்றி ஆட, தங்முரி விடாமல் ஊதுகிறது. ஆனால் அந்த மைதானத்துக்கு வெளியே, நகரத்தின் காது ரொம்ப நாட்களாக வேறு திசையில் இருந்தது.

அந்தத் திசையின் பெயர் லூ மஜாவ். எழுபது வயது தாண்டியும் முழங்காலுக்கு மேல் வெட்டிய ஜீன்ஸ், ஜோடி சேராத காலுறைகள், தோள் வரை வெள்ளை முடி. ஊருக்கு அவர் 'பா லூ'. காஸியில் ஆண்களை மரியாதையாக 'பா' என்றும் பெண்களை 'கோங்' என்றும் அழைக்கிறார்கள், நம் அண்ணன், அக்கா மாதிரி. அறுபதுகளில் கல்கத்தாவில் இசைக் குழுக்களில் பாடித் திரிந்தபோது மஜாவ் காதில் பாப் டிலனின் பாட்டு விழுந்தது. 1972 மே 24ஆம் தேதி டிலனின் பிறந்த நாளை ஷில்லாங்கில் கொண்டாட ஆரம்பித்தவர், ஆண்டு தவறாமல் தொடர்ந்தார். டிலனுக்கு 2016இல் இலக்கிய நோபல் பரிசு கிடைத்தபோது டெல்லிப் பத்திரிகைகள் கருத்துக் கேட்கத் தேடிய ஆட்களில் இந்த மலை ஊர்க்காரரும் ஒருவர்.

1972 என்பது இன்னொரு விதத்திலும் முக்கியமான ஆண்டு. அந்த ஜனவரி 21ஆம் தேதிதான் அசாமிலிருந்து பிரிந்து மேகாலயா முழு மாநிலமானது. தனி மாநிலம் கிடைத்த நாலாவது மாதத்தில் தலைநகரின் இளைஞர்கள் அமெரிக்கக் கவிஞன் ஒருவனுக்குப் பிறந்த நாள் கொண்டாடியதை முரண்பாடு என்று சொல்ல முடியாது. டெல்லியின் இந்திப் பாட்டும் கல்கத்தாவின் வங்காளிப் பாட்டும் தங்களுடையது அல்ல என்று நினைத்தவர்களுக்கு, தேவாலயத்திலும் பள்ளியிலும் பழகிய ஆங்கிலமே நெருக்கமாக இருந்தது.

பிறகு பெயர் வந்தது. 2007 அக்டோபரில் 1,730 பேர் கிதாரோடு கூடி டிலனின் பாட்டு ஒன்றை ஒரே நேரத்தில் வாசித்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். அதே டிசம்பரில் ஜெர்மனியின் 'ஸ்கார்பியன்ஸ்' குழு ஷில்லாங்குக்கே வந்து பாடியது. இந்தியாவின் ராக் தலைநகரம் என்று பத்திரிகைகள் எழுதின. பட்டம் சூட்டியவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த 1,730 கிதார்களும் வாசித்தது அடுத்தவர் பாட்டை. வெள்ளிக்கிழமை இரவு ஹோட்டல்களில் பாடிய குழுக்களிடம் வாடிக்கையாளர்கள் கேட்டதும் அதையேதான். அசலைப் போலவே வாசிக்கிறான் என்பதே பாராட்டு.

இந்தப் பழக்கத்தை உடைத்தவர்களில் முக்கியமானவர்கள் 'சோல்மேட்' குழுவின் ரூடி வாலாங்கும் திப்ரிதி கர்பங்கரும். மஜாவோடு 'கிரேட் சொசைட்டி' குழுவில் கிதார் வாசித்தவர் வாலாங். 2003இல் இவர்கள் தேர்ந்தெடுத்தது ப்ளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பர்களின் துயரப் பாட்டு. வடிவம் இரவல்தான், பாட்டு சொந்தமாக எழுதியது. 2005இல் வெளியான முதல் ஆல்பத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஷில்லாங்'. 2007இல் ப்ளூஸின் தாய் வீடான மெம்ஃபிஸ் நகரில் நடந்த சர்வதேசப் போட்டிக்கு இந்தியாவிலிருந்து போனார்கள். திப்ரிதியின் குரலைக் கேட்டவர்கள் அது எந்த நாட்டுக் குரல் என்று யோசிக்க மாட்டார்கள். ஆனாலும் பாட்டின் மொழி ஆங்கிலம்.

மொழியின் கேள்வியை இன்னும் கூர்மையாகக் காட்டுவது ஷில்லாங் சேம்பர் கொயரின் கதை. லண்டனில் பியானோ படித்துக் கச்சேரி செய்துகொண்டிருந்த நீல் நோங்கின்ரி, ஊருக்குத் திரும்பி 2001இல் இந்தச் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். பாடகர்கள் ஒரே வீட்டில் குடும்பம் போல வாழ்ந்து பாடினார்கள். பழங்கதை ஒன்றை எடுத்து 'சோலிங்ஙெம்' என்ற காஸி மொழி ஆபராவை நோங்கின்ரி அமைத்தார். இந்தியாவில் ஒரு பழங்குடி மொழியில் இத்தனை பெரிய முயற்சி அபூர்வம். 2010இல் சீனாவில் நடந்த உலகச் சேர்ந்திசைப் போட்டியில் குழு மூன்று தங்க விருதுகள் பெற்றது. ஆனால் நாடு இவர்களைத் தெரிந்துகொண்டது அதே ஆண்டு 'இந்தியாஸ் காட் டேலன்ட்' டி.வி. போட்டியில் ஜெயித்தபோதுதான். அங்கே ஜெயித்துக் கொடுத்தவை பழைய இந்தி சினிமாப் பாட்டுக்கள். அவற்றை நாலு குரலில் இழைத்துப் பாடியதில் நடுவர்கள் சொக்கிப் போனார்கள். அடுத்த மாதங்களில் ராஷ்டிரபதி பவனில் ஒபாமா முன்னால் பாடும் வாய்ப்பும் வந்தது. 2015இல் நோங்கின்ரிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2022 ஜனவரியில் அவர் இறந்தபோது நாடெங்கும் வந்த இரங்கல் செய்திகளில் இந்திப் பாட்டு இருந்தது, போட்டி இருந்தது. காஸி ஆபரா ஒரு வரியாக இருந்தது.

நாட்டின் காதில் விழ வேண்டுமானால் நாட்டின் பாட்டைப் பாட வேண்டும். அதற்குச் சம்மதிக்காத தலைமுறைதான் இப்போது பாட்டு வெளியிடுகிறது.

'சம்மர்சால்ட்' குழுவில் கிதாரோடு துய்தாராவும் க்ஸிங்கும் சேர்ந்து ஒலிக்கின்றன. 2016இல் 'ராக் ஆன் 2' இந்திப் படத்துக்காக இவர்களோடு சேர்ந்து பாடியவர், சென்னை இரவு விடுதியில் புடவை கட்டிக்கொண்டு மேற்கத்தியப் பாட்டுப் பாடி வாழ்க்கையைத் தொடங்கிய தமிழ்க் குடும்பப் பெண் உஷா உதூப். 'டா மினோட்' குழு நாட்டுப்புற மெட்டுக்களை எடுத்துப் புதிய தாளத்தில் வைக்கிறது. இவர்களுக்கு முன்னோடியாக, துய்தாராவைத் தட்டிக்கொண்டே கதை சொல்லிப் பாடிய ஸ்கென்ட்ரோவெல் சியெம்லியே போன்றவர்கள் இருந்தார்கள். வானொலி வழியாகக் கிராமம் கிராமமாகப் போன குரல்கள் அவை. நகரத்து ராக் இளைஞர்கள் ஒரு காலத்தில் பாட்டன் காலத்துச் சரக்கு என்று ஒதுக்கிய அதே வாத்தியத்தை, அவர்களுடைய பிள்ளைகள் பிக்கப் பொருத்தி ஆம்ப்ளிஃபையரில் செருகுகிறார்கள்.

மறுபக்கம் ராப். 2009இல் உருவான 'காஸி பிளட்ஸ்' குழு தெரு மொழியைத் தாளத்தில் ஏற்றியது. 'பிக் ரி' என்ற பெயரில் பாடும் ராப் கலைஞரோடு சேர்ந்து மேபா ஒஃபிலியா பாடிய 'டன் டாக்கிங்' பாட்டு 2018இல் எம்.டி.வி.யின் ஐரோப்பிய விருது விழாவில் சிறந்த இந்தியக் கலைஞருக்கான விருதை வாங்கிக் கொடுத்தது. ஜைந்தியா மலைப் பகுதியிலிருந்து வந்த 'ரெபல்' என்ற ராப் பாடகியின் குரலை 2025இல் வெளிவந்த 'துரந்தர்' இந்திப் படத்தில் நாடே கேட்டது. காஸி, ஜைந்தியா சமூகத்தில் பிள்ளைகளுக்குத் தாயின் குலப் பெயர்தான். குடும்பச் சொத்துக்குப் பொறுப்பு கடைக்குட்டி மகள். மேடையில் பெண் முன்னால் நிற்பது இங்கே யாருக்கும் செய்தி அல்ல. காது கிழியும் சத்தத்துக்கும் பஞ்சமில்லை. 'பிளேக் த்ரோட்' என்ற டெத் மெட்டல் குழு 2014இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா வரை போய் வந்தது.

ஒரு பாட்டு எப்படி வெளியாகிறது? எழுபதுகளில் ஸ்டுடியோவுக்குக் கல்கத்தா போக வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கேசட். அது வெளியான வாரத்திலேயே நடைபாதையில் திருட்டுப் பதிப்பு வந்துவிடும். பிறகு வி.சி.டி. இப்போது படுக்கையறையின் ஒரு மூலையில் கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டால் அதுவே ஸ்டுடியோ. ஒரு லேப்டாப், ஒரு மைக், தகரக் கூரையில் மழை சத்தம் போடாத ஒரு மதியம். சிரபுஞ்சிக்குப் பக்கத்து ஊரில் இந்த மூன்றில் கடைசியானதுதான் கிடைக்கக் கஷ்டம். வீடியோவுக்கு அருவிகளும் பைன் காடுகளும் வாடகை கேட்பதில்லை. யூ டியூபில் ஏற்றிவிட்டால் அன்று மாலையே டாக்சிகளில் கேட்கிறது.

கேட்கிறதே தவிர, காசாவதில்லை. கணக்கு சுலபம். 2011 கணக்கெடுப்பின்படி காஸி பேசுவோர் சுமார் 14 லட்சம். குழந்தை முதல் கிழவி வரை எல்லோரையும் சேர்த்து. இவர்களில் பத்தில் ஒருவர் ஒரு புதிய பாட்டைப் பிடித்துப்போய்ப் பத்துப் பத்து முறை கேட்டால் மொத்தம் 14 லட்சம் கேட்பு. காஸி மொழிக்கு இது பெரிய வெற்றி. பெரிய நடிகரின் சினிமாப் பாட்டுக்கு இது ஒரு நாள் சமாசாரம். ஒரு கேட்புக்கு இந்தியாவில் கிடைப்பதோ பைசாக் கணக்கு. குழுவில் ஐந்து பேர். வீடியோ எடுத்தவருக்கும் மிக்சிங் செய்தவருக்கும் கொடுத்தது போக, கிதார் நரம்பு மாற்றக் காசு மிஞ்சினால் அதிர்ஷ்டம். கொச்சியிலிருந்தோ புனேயிலிருந்தோ வரும் குழு தன் மொழியில் தோற்றால் ஆங்கிலத்தில் முயன்று பார்க்கலாம். ஷில்லாங்கின் சிக்கல் தலைகீழ். ஆங்கிலத்தில் பாடத் தெரிந்தவர்கள் நஷ்டம் என்று தெரிந்தே காஸிக்கு வருகிறார்கள்.

பாட்டு சோறு போடாது என்றால் மேடை போட வேண்டும். போலீஸ் பஜாரில் (காஸிப் பெயர் க்யின்டாய்லாட்) சில ஹோட்டல் மேடைகள் உண்டு. லைத்தும்க்ராவில் காபிக் கடைகள் உண்டு. டிலன் பெயரிலேயே ஒரு காபிக் கடை இருக்கிறது. ஆனால் ஊர் சீக்கிரம் தூங்கும் ஊர். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். எட்டு மணிக்கு மேல் ஷேர் டாக்சி கிடைப்பது கஷ்டம். வீட்டுக்குப் போக வண்டி இல்லாதவன் கச்சேரிக்கு எப்படி வருவான்? டிக்கெட் வாங்கிக் கேட்கும் பழக்கமும் வளரவில்லை. தேவாலயத்திலும் கல்யாணத்திலும் பக்கத்து வீட்டு மாடியிலும் இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்?

இந்த இடத்தில் அரசு நுழைந்தது. 2018இல் முதல்வரான கான்ராட் சங்மாவே கிதார் வாசிப்பவர். அவர் மெட்டல் பாட்டு வாசிக்கும் வீடியோ ஒன்று 2021இல் நாடு முழுதும் சுற்றியது. அடித்தள இசைத் திட்டம் என்ற பெயரில் அவருடைய அரசு உள்ளூர்க் கலைஞர்களைப் பொது இடங்களில் பாட வைத்துச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு ஸ்பீக்கர், ஒரு ஸ்டூல், ஒரு பாடகி. பஜாருக்குக் காய்கறி வாங்க வந்தவர்கள் ரெண்டு பாட்டு நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். சம்பளம் பெரிதில்லை, ஆனால் நிச்சயம். இசை என்பது வேலை என்று ஒரு மாநில அரசு ஒப்புக்கொண்டது சின்ன விஷயமில்லை.

கூடவே பெரிய மேடைகளும் வந்தன. 2015இல் என்.ஹெச்.7 வீக்கெண்டர் இசை விழா முதன்முறையாக மேகாலயாவில் நடந்தது. நவம்பரில் இளஞ்சிவப்புப் பூக்கள் மலரும்போது நடக்கும் செர்ரி பிளாசம் விழாவுக்கு 2024இல் ஏகானும் போனி எம்மும் வந்தார்கள். அதே டிசம்பரில் பிரையன் ஆடம்ஸ். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன். மும்பையும் டெல்லியும் பெங்களூரும் இருக்கும் பட்டியலில் ஷில்லாங்கும் இடம் பிடித்ததில் ஊருக்குப் பெருமை. ஹோட்டல்களில் இடமில்லை, டாக்சிகளுக்கு ஓய்வில்லை, ஜாதோ என்ற பன்றிக்கறிச் சோறு விற்கும் கோங்குகளின் கடைகளில் மத்தியானத்துக்குள் பாத்திரம் காலி. சுற்றுலாவுக்கு லாபம், சந்தேகமில்லை.

பாட்டுக்கு? பெரிய மேடையில் உள்ளூர்க் குழுவுக்கும் நேரம் உண்டு, பெரும்பாலும் மாலையின் முதல் அரை மணி. வெளிச்சம் இன்னும் போகவில்லை, கூட்டம் இன்னும் வாசலில் நிற்கிறது. அரசு கொடுக்கும் மேடைக்கு இன்னொரு விலையும் இருக்கலாம். சாலையில் பள்ளம், நிலக்கரிச் சுரங்கத்தில் சாவு, படித்தவனுக்கு வேலையில்லை என்று பாடும் ராப் பாடகனையும் அடுத்த மாத விழாவுக்கு அதே அன்போடு கூப்பிடுவார்களா? சம்பளம் கொடுப்பவரின் முகத்தைப் பார்த்துப் பாடுவது எந்தக் கலைக்கும் நல்லதல்ல. ராஜசபைக் கவிஞர்களின் காலத்திலிருந்தே தெரிந்த பாடம் இது. அரசு மேடை ஒன்றே வழி என்று ஆகாமல் இருந்தால்தான் அரசு மேடைக்கும் மரியாதை. இருநூறு பேர் டிக்கெட் வாங்கி உட்காரும் நாலு சின்ன அரங்குகளும், கச்சேரி முடிந்தபின் கிளம்பும் ஒரு பஸ்ஸும் எட் ஷீரன் வருவதைவிட இந்த ஊர்ப் பாட்டுக்கு அதிக நன்மை செய்யும்.

இதில் பாடகர்களின் வயிறு மட்டும் சம்பந்தப்பட்டிருந்தால் வேறு ஊர்களின் கதையோடு சேர்த்துவிடலாம். இங்கே ஒரு மொழியும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் காஸி இல்லை. சேர்க்கச் சொல்லி 2018இல் மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. ஆபத்திலிருக்கும் மொழிகளின் பட்டியலில் யுனெஸ்கோ ஒரு காலத்தில் காஸியை வைத்திருந்தது. 2012இல் அங்கிருந்து நீக்கியது. வீட்டில் பேசுகிறார்கள், பிரார்த்தனை செய்கிறார்கள், பத்திரிகை நடத்துகிறார்கள் என்பதால் பிழைத்த மொழி அது. ஆனால் வயது பதினாறில் இருப்பவன் காதலிக்கும்போதும் கோபப்படும்போதும் எந்த மொழியில் முணுமுணுக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் ஒரு மொழியின் அடுத்த ஐம்பது ஆண்டு. அந்த வயதுக்காரனின் காதில் இருப்பது பாடப் புத்தகம் இல்லை, இயர்போன். அதில் காஸி ராப் ஒலிக்கிறது என்றால் எந்த அட்டவணையும் செய்ய முடியாத வேலையை ஒரு படுக்கையறை ஸ்டுடியோ செய்துகொண்டிருக்கிறது.

ஷில்லாங்குக்குப் போகிறவர்கள் யானை அருவியையும் வார்ட்ஸ் ஏரியையும் பார்க்காமல் திரும்பப் போவதில்லை. கூடவே ஒரு சாயங்காலத்தைப் பஜாரில் பாடுபவர்களுக்கு ஒதுக்கலாம். பாடி முடித்தவரிடம் எந்தப் பெயரில் தேடினால் பாட்டு கிடைக்கும் என்று கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். மேசை மேல் டி ஷர்ட்டோ குறுந்தகடோ இருந்தால் வாங்கலாம். ஆயிரம் பேர் இலவசமாகக் கேட்டால் கிடைக்கும் காசைவிட அது அதிகம்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், நகரத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி மலைச் சரிவில் இருக்கும் கோங்தோங் கிராமத்துக்குப் போகலாம். அங்கே குழந்தை பிறந்ததும் தாய் அதற்கென்று ஒரு மெட்டு அமைக்கிறாள். சொற்கள் இல்லாத மெட்டு. குலத்தின் ஆதித் தாயை நினைத்துப் பாடும் அந்த மரபுக்கு 'ஜிங்ர்வாய் இயாவ்பெய்' என்று பெயர். வீட்டில் கூப்பிட அதன் சிறு துண்டு, காட்டிலும் வயலிலும் பள்ளத்தாக்கைத் தாண்டிக் கூப்பிட முழு நீளம். ஒருவருக்கு வைத்த மெட்டை இன்னொருவருக்கு வைப்பதில்லை. அந்த மனிதர் இறந்தால் மெட்டும் அவரோடு போய்விடுகிறது. 2021இல் உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களுக்கான போட்டிக்கு இந்தியா அனுப்பிய கிராமங்களில் கோங்தோங்கும் ஒன்று. வீடியோ எடுக்க வரும் பயணிகள் கூட்டம் அதன் பிறகு அதிகம்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ணாமல், ஒரே ஒரு ஆள் திரும்பிப் பார்த்தால் போதும் என்று பாட்டு கட்டும் ஊர் அது. ஷில்லாங்கின் இளைஞர்களுக்கு அவ்வளவு சொற்பம் போதாது. அவர்கள் வாடகை கொடுக்க வேண்டும். ஆனால் 14 லட்சம் பேருக்கு மட்டுமே புரியும் மொழியில் பாட்டு எழுதி, நஷ்டம் தெரிந்தே வெளியிடும் பிடிவாதம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்று கோங்தோங்கில் அரை நாள் உட்கார்ந்தால் புரியும்.